யூரின் ரிப்போர்ட்டில் ‘ஈஸ்ட்’: ஐசியூ நோயாளியின் சிறுநீரில் பூஞ்சை வந்தால் என்ன அர்த்தம்?

ஐசியூ வாசலில் காத்திருப்பவர்கள் கைக்கு வரும் காகிதங்களில் அதிகம் குழப்புவது யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் ரிப்போர்ட். ‘கேண்டிடா வளர்ந்துள்ளது, ஒரு மில்லி லிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல்’ என்று அதில் ஒரு வரி இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து ஊருக்குப் போன் போகும்போது அந்த வரி “ஆச்சிக்கு மூத்திரத்துல காளான் பிடிச்சிருக்காம்” என்று மாறிவிடுகிறது. 2021-இல் கொரோனாவின் பின்னால் வந்த கருப்புப் பூஞ்சையை யாரும் மறக்கவில்லை. அதனால் ‘பூஞ்சை’ என்றதுமே கண்ணை எடுப்பார்களோ, தாடையை எடுப்பார்களோ என்ற பயம் வந்துவிடும்.

அந்தப் பூஞ்சை வேறு, இது வேறு. கருப்புப் பூஞ்சை என்பது மியூக்கரேல்ஸ் வகை இழைப்பூஞ்சை. மூக்கு, சைனஸ் வழியாக நுழைந்து ரத்தக் குழாய்களை அடைத்துத் திசுவை அழிக்கும். சிறுநீரில் வரும் கேண்டிடா ஈஸ்ட் வகை. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியின் ரிப்போர்ட்டில் இந்த வரி வந்தால், பெரும்பாலும் அது அவருக்குப் போட்டிருக்கும் சிறுநீர் டியூபைப் பற்றிய செய்தி. சிலருக்கு மட்டும் அது ரத்தத்தைப் பற்றிய எச்சரிக்கை. இரண்டில் எது என்று பிரிக்காமல் மாத்திரை எழுதுவதில்தான் பிழைகள் தொடங்குகின்றன.

கேண்டிடா எங்கிருந்து வருகிறது

திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறிகளுக்கு ஈஸ்ட் பழகிய சரக்கு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் நுரைத்துக் கள். நுரைக்க வைப்பது பாளையிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட். கேண்டிடா அதற்குத் தூரத்து உறவு. ஒற்றைச் செல், மொட்டு விட்டுப் பெருகும், இனிப்பும் ஈரமும் கிடைத்தால் விடாது.

நலமாக இருப்பவர்களின் வாய், குடல், பெண்களின் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கேண்டிடா சாதாரணமாகவே குடியிருக்கிறது. அங்கே பாக்டீரியாக்கள் கூட்டமாக இருப்பதால் அது அடங்கிக் கிடக்கும். அந்தக் கூட்டத்தை ஆன்டிபயாடிக் கலைத்துவிட்டால் இடம் காலியாகிறது. ஆகவே ‘ஆஸ்பத்திரியில் தொற்றியது’ என்று சொன்னாலும், பல நேரம் பூஞ்சை நோயாளியின் சொந்த உடம்பிலிருந்துதான் வருகிறது. அது பெருகவும் சிறுநீர்ப்பைக்குள் ஏறவும் வழி செய்து கொடுத்ததுதான் ஆஸ்பத்திரியில் நடந்தது. இதற்குப் பெரிய விலக்கு கேண்டிடா ஆரிஸ். அது பின்னால் வருகிறது.

ரிப்போர்ட்டில் காணக்கூடிய பெயர்கள் ஆறு: அல்பிகன்ஸ், டிராபிகாலிஸ், கிளாப்ரேட்டா, பாராப்சிலோசிஸ், குரூசி, ஆரிஸ். மேலை நாடுகளில் அல்பிகன்ஸ் முன்னிற்கும். இந்திய ஐசியூக்களில் டிராபிகாலிஸின் பங்கு பெரிது. 27 இந்திய ஐசியூக்களில் 1,400 ரத்தத் தொற்று நோயாளிகளைப் பார்த்த ஆய்வில் டிராபிகாலிஸ்தான் முதலிடம், ஏறக்குறைய 42 சதவீதம். இன்னொரு சிறு குழப்பம்: வகைப்பாட்டியலார் சில பெயர்களை மாற்றிவிட்டார்கள். கிளாப்ரேட்டா இப்போது ‘நாகசியோமைசிஸ் கிளாப்ரேட்டஸ்’, குரூசி ‘பிச்சியா குட்ரியாவ்செவி’. புதுப் பெயரை அச்சிடும் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து ஏதோ புது நோய் என்று மிரள வேண்டாம். ஆள் பழைய ஆள்தான்.

டியூபுக்குள் நடப்பது

ஐசியூ நோயாளி மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர் கழிக்கிறார் என்று அளக்க வேண்டியிருப்பதால் ஃபோலி கதீட்டர் போடுகிறார்கள். ரப்பர் அல்லது சிலிக்கான் குழாய், உள்ளே நிற்க நுனியில் 10 மில்லி நீர் நிரப்பிய பலூன், வெளியே பை. போட்ட சில மணி நேரத்திலேயே குழாயின் சுவரில் சிறுநீரில் உள்ள புரதம் படலமாகப் படியத் தொடங்கும். அதன்மேல் கிருமிகள் ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை போன்ற ஒரு கூழைச் சுரந்து கூரை கட்டிக்கொள்ளும். இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா புகும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. ஒரு மாதம் கிடந்தால் அநேகமாக எல்லாருக்கும் ஏதாவது கிருமி வந்திருக்கும். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தால் பாக்டீரியாவின் இடத்தில் ஈஸ்ட் உட்காரும்.

கள் இருந்த கலயத்தைக் கழுவாமல் அதிலேயே புதுப் பதநீரை ஊற்றினால் என்ன ஆகும்? எத்தனை நல்ல பதநீராக இருந்தாலும் சீக்கிரம் நுரைக்கும். படிந்த கதீட்டரின் கதையும் இதுதான். மருந்து, சிறுநீரில் மிதக்கும் செல்களைக் கொல்லும். படலத்துக்குள் இருப்பவை தப்பும். மாத்திரை முடிந்ததும் அவை மறுபடி உதிரும்.

இது வெறும் உவமையாக நிற்கவில்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அறிகுறி இல்லாத அல்லது மிகக் குறைவாக இருந்த 316 நோயாளிகளைக் கொண்ட, 2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஃப்ளூகனசோல் என்ற பூஞ்சை மருந்து தினம் 200 மி.கி. வீதம் 14 நாள், மறு பிரிவினருக்கு வெற்று மாத்திரை. 14-ஆம் நாளில் மருந்துப் பிரிவில் 50 சதவீதம் பேருக்குச் சிறுநீர் சுத்தம்; வெற்று மாத்திரைப் பிரிவில் 29 சதவீதம். மருந்து நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவும் ஏறக்குறைய சமம். அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு 861 நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. குழாயை எடுத்தது தவிர வேறெதுவும் செய்யாதவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பூஞ்சை தானாகப் போய்விட்டது. சிறுநீரில் பூஞ்சை இருந்தவர்களில் ரத்தத்துக்கும் பரவியவர்கள் 1.3 சதவீதம்தான்.

2015 ஜனவரி முதல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கதீட்டர் சார்ந்த சிறுநீர்த் தொற்று என்ற கணக்கிலிருந்தே கேண்டிடாவை எடுத்துவிட்டது. இரண்டு ஆஸ்பத்திரிகளின் தொற்று எண்ணிக்கையை ஒப்பிடும் செய்திகளை வாசிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது. ஒன்று பூஞ்சையையும் சேர்த்து எண்ணி, மற்றது எண்ணாமல் விட்டால் ஒப்பீடே பொய்.

யாருக்கு அதிகம்

கதீட்டருக்கு அடுத்த காரணம் அகல வீச்சு ஆன்டிபயாடிக்குகள்: மெரோபெனெம், பிப்பராசிலின்-டாசோபாக்டம் போன்றவை. பிறகு சர்க்கரை. ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரில் குளுக்கோஸ் வழியத் தொடங்கும். ஈஸ்டுக்கு அது பதநீர். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகள் வேண்டுமென்றே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. இவற்றைச் சாப்பிட்டு வந்தவர்களுக்குப் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று கூடுதல், அது சோதனைக்கு எடுக்கும் சிறுநீர் மாதிரிக்குள்ளும் கலந்துவிடும். ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை, நீண்ட ஐசியூ வாசம், முதுமை, சிறுநீர்ப் பாதையில் கல் அல்லது புராஸ்டேட் அடைப்பு ஆகியவை மற்ற காரணங்கள்.

மாதிரி எடுப்பதிலேயே பாதிக் குழப்பம்

லேப் எவ்வளவு நல்லதானாலும் பையிலிருந்து பிடித்துக் கொடுத்த சிறுநீரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பையில் அது மணிக்கணக்காக அறைச் சூட்டில் கிடந்து பெருகியிருக்கும். சரியான முறை இது:

1. குழாய் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால், பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதிது போட்டு, புதிதிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். இல்லையென்றால் லேபுக்குப் போவது நோயாளியின் சிறுநீர்ப்பையின் செய்தி அல்ல, பழைய குழாயின் படலம்.
2. மாதிரி எடுக்கும் துளைக்குக் கீழே குழாயைக் கிளிப் போட்டு 15 முதல் 30 நிமிடம் நிறுத்தி, புதுச் சிறுநீர் சேரவிட வேண்டும். பிறகு கிளிப்பை எடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் சிறுநீர்ப்பை ஊதிவிடும்.
3. துளையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, கிருமி நீக்கிய சிரிஞ்சால் 10 மில்லி அளவு உறிஞ்ச வேண்டும். குழாயையும் பையையும் பிரித்து எடுப்பது தவறு. மூடிய அமைப்பை அங்கே திறந்துவிடுகிறோம்.
4. ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் 2 முதல் 8 டிகிரி குளிரில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். உறைய விடக்கூடாது.

நான்காவது படிதான் நம் பக்கத்தில் அடிக்கடி கெடுவது. சங்கரன்கோவிலிலோ வள்ளியூரிலோ இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் காலை எட்டு மணிக்கு எடுத்த மாதிரி, ஆள் வந்து பஸ்ஸில் திருநெல்வேலி லேபுக்குக் கொண்டுசேர்க்கும்போது மதியம் ஆகிவிடும். அக்கினி நட்சத்திர வெயிலில் ஐஸ் பெட்டி இல்லாமல் போன மாதிரியில் சில ஆயிரமாக இருந்த எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டி நிற்பதில் வியப்பில்லை.

லேபில் என்ன செய்கிறார்கள், ரிப்போர்ட்டில் என்ன எழுதுகிறார்கள்

முதலில் மைக்ராஸ்கோப். ஈஸ்ட் செல் 3 முதல் 6 மைக்ரான் வரை இருக்கும். சிவப்பணு 6 முதல் 8 மைக்ரான். அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவதுண்டு. ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டால் சிவப்பணு கரையும், ஈஸ்ட் கரையாது. மொட்டு விட்டிருந்தால் சந்தேகமே இல்லை. ‘சூடோஹைஃபே காணப்பட்டது’ என்றால் செல்கள் நீண்டு சங்கிலியாகத் தொடர்ந்திருக்கின்றன என்று பொருள். அது மட்டுமே திசுவுக்குள் புகுந்ததற்கு அத்தாட்சி அல்ல. கிளாப்ரேட்டா இந்தச் சங்கிலியை உண்டாக்குவதே இல்லை.

அடுத்து கல்ச்சர். 1 மைக்ரோ லிட்டர் பிடிக்கும் அளவுக்கம்பியால் தட்டில் இழுப்பார்கள். அதாவது ஒரு மில்லியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் தட்டில் முளைத்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் 1,000 என்று கணக்கு. 100 கூட்டம் வந்தால் 1 லட்சம். கிளாப்ரேட்டா மெதுவாக வளர்வது. 24 மணி நேரத்தில் ‘வளர்ச்சி இல்லை’ என்று மூடிய தட்டில் 48-இல் முளைத்திருக்கும்.

இனம் பிரிக்க எளிய வழி: மனித சீரத்தில் 37 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் வைத்தால் அல்பிகன்ஸ் முளைக்குழாய் விடும். நிறம் காட்டும் தட்டில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம். வசதியுள்ள லேப்களில் வைட்டெக் அல்லது மால்டி-டாஃப் இயந்திரம். ‘கேண்டிடா இனம்’ என்று மட்டும் எழுதி முடித்த ரிப்போர்ட் ஐசியூ நோயாளிக்குப் போதாது. எந்த இனம் என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனென்றால் மருந்து அதைப் பொறுத்தது.

ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு எண்களை அதிகம் நம்பக் கூடாது. கதீட்டர் போட்டவரிடம் எத்தனை ஆயிரம் என்பது தொற்றையும், நோய் உண்டாக்காமல் வெறுமனே குடியிருப்பதையும் பிரித்துக் காட்டாது. ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு எதுவும் கிடையாது. சீழ்ச் செல்களும் அப்படித்தான். குழாய் உரசுவதாலேயே சீழ்ச் செல் வரும், கூடவே பாக்டீரியா இருந்தாலும் வரும்.

மருந்து யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மருத்துவர்கள் யோசிக்கும் வரிசையை இப்படிச் சொல்லலாம். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதலும் சாராம்சத்தில் இதைத்தான் சொல்கிறது.

1. மாதிரி நம்பத்தக்கதா? இல்லையென்றால் புதுக் குழாயிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். பல பூஞ்சைகள் இந்தப் படியிலேயே காணாமல் போகும்.

2. குழாய் இன்னும் தேவையா? எடுக்க முடிந்தால் அதுதான் முதல் சிகிச்சை. ஆணுக்கு உறை வகைக் கதீட்டர், அவ்வப்போது குழாய் விட்டு வடித்து எடுப்பது, டயப்பர் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. படுக்கை நனைகிறது என்பது மட்டுமே குழாய் வைத்திருக்கக் காரணம் ஆகாது. ஆன்டிபயாடிக்கை நிறுத்தவோ குறுக்கவோ முடியுமா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்பதும் இதே படியில் வரும்.

3. அறிகுறி இல்லை, உடல்நிலை தேறி வருகிறது என்றால் பூஞ்சை மருந்து வேண்டாம். மூன்று பேருக்கு விலக்கு: ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்தவர், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தை, சிறுநீர்ப் பாதையில் கருவி நுழைத்துச் சிகிச்சை செய்யப்போகிறவர். கல் உடைக்கவோ புராஸ்டேட்டுக்கோ போகும் மூன்றாமவருக்கு, அதற்கு முன்னும் பின்னும் சில நாள் ஃப்ளூகனசோல் தினம் 400 மி.கி. கொடுப்பார்கள். அடைப்பில் தேங்கிய பூஞ்சையைக் கருவி கிளறி ரத்தத்தில் தள்ளிவிடும் என்பதே காரணம்.

4. அறிகுறி இருக்கிறது: எரிச்சல், அடிவயிற்று வலி, அல்லது காய்ச்சலோடு விலாப்புற வலி. அப்போது சிகிச்சை உண்டு, ஸ்கேனும் உண்டு. சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா, பூஞ்சை உருண்டை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருண்டையை மருந்து கரைக்காது, எடுக்கத்தான் வேண்டும்.

5. காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு, வேறு காரணம் தெரியவில்லை: இங்கே செய்தி தலைகீழாகிறது. கேண்டிடா கீழிருந்து மேலே ஏறுவது ஒரு வழி. ரத்தத்திலிருந்து சிறுநீரகத்தில் இறங்கி, அங்கே நுண் சீழ்க்கட்டிகளை உண்டாக்கிச் சிறுநீரில் வடிவது இன்னொரு வழி. அப்போது சிறுநீர் ரிப்போர்ட் நோயின் இடம் அல்ல, நிழல். ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: ஆழமான கேண்டிடா தொற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கல்ச்சர் எதையும் காட்டாது. ஆகவே மத்திய ரத்தக்குழாய் லைன் எத்தனை நாளாக இருக்கிறது, வயிற்றில் அறுவை நடந்ததா, வேறு இடங்களிலும் கேண்டிடா வளர்கிறதா என்பதையெல்லாம் சேர்த்தே முடிவு செய்வார்கள்.

ஐந்தாவதில் நேரும் பெரிய தவறு மருந்து கொடுக்காமல் விடுவதைவிட, கொடுத்துவிட்டு நிம்மதியடைவது. காய்ச்சல் அடிக்கிறது, யூரினில் பூஞ்சை வந்தது, காரணம் கிடைத்தாயிற்று, ஃப்ளூகனசோல் ஏற்றியாயிற்று என்று தேடலை முடித்துவிட்டால், நிமோனியாவோ லைன் தொற்றோ முதுகுப் புண்ணோ மூன்று நாள் முன்னேறிவிடும். வெறும் கதீட்டர் பூஞ்சை காய்ச்சலுக்குக் காரணமாக இருப்பது அபூர்வம்.

எந்த மருந்து சிறுநீர் வரை போகும்

பூஞ்சை மருந்துகளில் விலை கூடினால் வேலையும் கூடும் என்ற எண்ணம் சிறுநீர் விஷயத்தில் பொருந்தாது. காஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின், அனிடுலாஃபஞ்சின் மூன்றும் ரத்தத் தொற்றுக்கு முதல் வரிசை ஊசிகள். ஆனால் சிறுநீரில் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே வரும். வோரிகனசோலும் அப்படியே. கொழுப்பில் பொதிந்த ஆம்ஃபோடெரிசினும் சிறுநீரில் போதிய அளவு சேராது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இவற்றைக் கொடுத்தால் பணம் போகும், பூஞ்சை இருக்கும்.

ஃப்ளூகனசோல் நேர் எதிர். சுமார் 80 சதவீதம் மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு தினம் 200 மி.கி., 14 நாள். சிறுநீரகம் வரை ஏறியிருந்தால் 200 முதல் 400 மி.கி. மருந்துக் கடையில் பெண்களுக்காகக் கொடுக்கும் 150 மி.கி. ஒற்றை மாத்திரை இந்தக் கணக்கில் சேராது. அதை ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் அடங்கியது போலிருந்து திரும்பும்.

எச்சரிக்கைகள் நான்கு. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் அதிகமாக இளகி எங்காவது கசியலாம். ஃபெனிட்டாயின் அளவு ஏறி மயக்கம், தள்ளாட்டம் வரலாம். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம். நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேரின் டப்பாவில் இந்த மாத்திரைகள் இருக்கின்றன என்று பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை. நான்காவது, சிறுநீரக வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 50 மில்லிக்குக் குறைந்தால் மருந்தைப் பாதியாக்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவருக்கு ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் முழு அளவு கொடுக்க வேண்டும், ஏனென்றால் இயந்திரம் மருந்தையும் வடித்து எடுத்துவிடும்.

குரூசிக்கு ஃப்ளூகனசோல் இயல்பாகவே வேலை செய்யாது. கிளாப்ரேட்டா பல நேரம் தாங்கும். அப்போது பழைய ஆம்ஃபோடெரிசின் டிஆக்சிகோலேட், தினம் கிலோவுக்கு 0.3 முதல் 0.6 மி.கி., 1 முதல் 7 நாள். இது சிறுநீரகத்தைத் தாக்கும், பொட்டாசியத்தை இறக்கும். தினம் இரண்டையும் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையை நேரடியாகக் கழுவுவதும் உண்டு: 1 லிட்டர் கிருமி நீக்கிய தண்ணீரில் 50 மி.கி., 5 நாள். தண்ணீருக்குப் பதில் சலைன் கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். இந்தக் கழுவல் சிறுநீர்ப்பைக்கு மட்டுமே. மேலே சிறுநீரகத்தில் இருப்பதைத் தொடாது, குழாய் எடுத்தால் நின்றும்போகும். அதனால் எல்லாருக்கும் எழுதுவதில்லை.

கேண்டிடா ஆரிஸ்: அறிகுறி இல்லாத நோயாளிக்கு மருந்து வேண்டாம், வார்டுக்கு எச்சரிக்கை வேண்டும்

2009-இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. ‘ஆரிஸ்’ என்றால் லத்தீனில் காது. முன்பு சொன்ன 27 ஐசியூ ஆய்வில் 19 இடங்களில் இது இருந்தது. ரத்தத் தொற்றுகளில் 5.3 சதவீதம். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலின் மிக அவசரப் பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று. பெரும்பாலான மாதிரிகள் ஃப்ளூகனசோலுக்கு அசையாதவை. பழைய மென்பொருளுள்ள வைட்டெக் இயந்திரங்கள் இதைக் ‘கேண்டிடா ஹீமுலோனி’ என்று தவறாகப் பெயரிட்டன. அந்தப் பெயரை ரிப்போர்ட்டில் பார்த்தால் மால்டி-டாஃபில் உறுதி செய்யக் கேட்க வேண்டும்.

மற்ற கேண்டிடா நோயாளியின் குடலிலிருந்து வருவது என்றால், இது பக்கத்துக் கட்டிலிலிருந்து வருவது. தோலில் மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும், கட்டில் கம்பியிலும் பிபி பட்டையிலும் தங்கும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நரம்பியல் ஐசியூவில் 70 பேருக்குப் பரவியதை ஆராய்ந்தபோது, அக்குளில் வைத்து எடுக்கும், ஒருவருக்குப் பின் ஒருவருக்குப் பயன்படுத்திய வெப்பமானிதான் அகப்பட்டது.

சிறுநீரில் ஆரிஸ் வந்து அறிகுறி இல்லையென்றால் அவருக்கும் மருந்து வேண்டாம். ஆனால் தனி அறை அல்லது தனி மூலை, கையுறை, மேலங்கி, அவருக்கென்று தனி உபகரணம் கட்டாயம். வழக்கமான அமோனியம் வகைத் தரைக் கிருமிநாசினிகள் இதன்மேல் சரியாக வேலை செய்வதில்லை, குளோரின் வேண்டும். 5 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசல் 20 மில்லியை எடுத்துத் தண்ணீர் விட்டு 1 லிட்டராக்கினால் 0.1 சதவீதம், அதாவது 1,000 பிபிஎம். கேனில் 10 சதவீதம் என்றிருந்தால் 10 மில்லி போதும். காலையில் கலக்கியதை மறுநாள் பயன்படுத்தக் கூடாது. வெயிலிலும் சூட்டிலும் குளோரின் வீணாகும். அழுக்கை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைக்காமல் நேரே குளோரின் ஊற்றினால் அழுக்கே அதைத் தின்றுவிடும். கைக்கு ஆல்கஹால் ரப் போதும்.

உடனிருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

சிறுநீர்ப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது. இது உடைவது பெரும்பாலும் பயணத்தில். தென்காசியிலிருந்தோ திசையன்விளையிலிருந்தோ பாளைக்கு 108-இல் வரும்போது, ஸ்ட்ரெச்சரில் தூக்க வசதியாக இருக்கும் என்று பையை நோயாளியின் வயிற்றின் மேலோ கால்களுக்கு நடுவிலோ வைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் பைத் தண்ணீர் திரும்பி உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஏற்றும் முன் பையைக் காலி செய்யச் சொல்லுங்கள். வண்டிக்குள் பக்கவாட்டுக் கொக்கியில் தாழ்வாகத் தொங்கவிடச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போதும் இதேதான்.

மூன்றில் இரண்டு பங்கு நிறையும் முன்பே காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கிண்ணம். ஒரே கிண்ணத்தோடு வரிசையாகக் கட்டில் கட்டிலாகப் போவதைக் கண்டால் சிஸ்டரிடம் சொல்வதில் தவறில்லை. பைக் குழாயின் வாய் கிண்ணத்தில் இடிக்கக் கூடாது. குழாய் நுழையும் இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு தினம் சுத்தம் செய்தால் போதும்; பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். குழாயைத் தொடையில் ஒட்டிவைக்க வேண்டும்.

டூட்டி டாக்டரிடம் கேட்கத் தகுந்த கேள்விகள்:

1. இந்த மாதிரி பழைய குழாயிலிருந்து எடுத்ததா, புதிதிலிருந்தா?
2. குழாய் இன்றைக்கு எதற்காக இருக்கிறது? எப்போது எடுக்கலாம்?
3. என்ன இனம்? ஆரிஸ் இல்லை என்று உறுதியா?
4. காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடியாயிற்றா? ரத்தக் கல்ச்சர் போயிருக்கிறதா?
5. ஃப்ளூகனசோல் எழுதினால், வீட்டில் சாப்பிட்டுவந்த சர்க்கரை, வலிப்பு, ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளோடு பார்த்தாயிற்றா?

நோயாளி குழாயோடே வீட்டுக்கு வருவதானால் டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று விவரங்கள் எழுதி வாங்க வேண்டும்: போட்ட தேதி, குழாயின் வகை, மாற்ற வேண்டிய தேதி. டெஃப்ளான் பூச்சுள்ள ரப்பர் குழாய்க்கு 4 வாரம், முழுச் சிலிக்கான் குழாய்க்கு 12 வாரம் என்பது உச்சவரம்பு. அடைப்போ படிவோ தெரிந்தால் அதற்கு முன்பே. ஆரிஸ் வந்திருந்தால் அதையும் சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், பொது வார்டில் கட்டில் போடும் முன் அந்தச் சீட்டை நீட்டலாம்.